முன்னி: கணியம்பாடி கொட்டகைக்கு வந்த ஒரு மட்டக்குதிரையின் நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு மாடு தெரியும், குதிரை தெரியாது. கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா என்று வேலை பார்த்த காலமெல்லாம் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து என்றே போனது. பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் பத்தடி தள்ளி நின்றே ஒரு மாட்டுக்குப் பல் சொல்லுவேன். குதிரை எதிரே வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவன் கொட்டகையில் ஒரு பெண் மட்டக்குதிரை மூன்றரை வருஷம் இருந்துவிட்டுப் போயிற்று. எலும்பும் தோலுமாக ஒரு குதிரை கிடைத்தால் என்ன கொடுப்பது என்று இன்னமும் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை. என் நாள்குறிப்பை வைத்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பு பண்ணிய பக்கங்களை நீக்கவில்லை. உண்மையில் அந்தப் பக்கங்கள்தான் உபயோகமானவை.

வந்த நிலை

2020 செப்டம்பர். வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே, மணலும் குப்பையும் கலந்து கிடக்கிற இடத்தில், மூன்று வாரமாக ஒரு குதிரை நிற்கிறது என்று விருதம்பட்டில் ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார்கள். என்னிடம் காலி மாட்டுக்கொட்டகை இருந்தது. வேறு தகுதி எதுவும் இல்லை. குட்டியானை வண்டியில் குதிரையை ஏற்றிக்கொண்டு கணியம்பாடி வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. வழியில் அது ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. பிள்ளைகள் அதை நல்ல குணம் என்று நினைத்தார்கள். முரண்டு பிடிக்கத் தெம்பில்லை என்பதுதான் விஷயம்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் வந்தார். அவர் முதலில் பார்த்தது வயிற்றையோ புண்ணையோ அல்ல, மூக்கை. குதிரைக்கு மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளும் இருந்தால் அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். மனுஷனுக்கும் தொற்றும், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். முந்தின இரவு நாங்கள் ஐந்து பேரும் அதன் முகத்தைத் தடவிக்கொண்டு படம் எடுத்திருந்தோம். நல்லவேளை, மூக்கு சுத்தமாக இருந்தது.

குறிப்பில் இருப்பவை: செவலை நிறம், தோள் உயரம் 127 செ.மீ. நெஞ்சுச் சுற்றளவு 135, உடல் நீளம் 125. நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை வந்துவிடும். 192 கிலோ வந்தது. குதிரையின் உடல் தேற்றத்துக்கு 1983இல் ஹெனெக் என்பவர் வகுத்த 1 முதல் 9 வரையான அளவுகோல் ஒன்று உண்டு. 1 என்றால் சாவுக்குப் பக்கம். மருத்துவர் 1 போட்டார். இடது பின்காலில் கம்பி வெட்டிய புண், அதில் புழு. வாயோரத்தில் கடிவாளம் அறுத்து ஆறிய தழும்பு. முதுகிலும் வயிற்றுவார் படுகிற இடத்திலும் திட்டுத் திட்டாக வெள்ளை முடி. சேணம் உரசிய புண் ஆறினால் அங்கே முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். மேல்வரிசை ஓர வெட்டுப்பல்லில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது பல்லின் பாதி வரை இறங்கியிருந்ததால் வயசு 15 பக்கம் என்று கணக்கு.

புண்ணைப் பார்த்ததும் ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, தடுப்பு ஊசி போட்டார். வீட்டு மிருகங்களில் ரணஜன்னிக்கு ரொம்ப எளிதாகப் பலியாவது குதிரை. அந்த நோய்க்கான எதிர்ச்சீரத்தையும், நம் நிலத்தில் கண்ணாடி விரியன் கடித்தால் ஏற்றுகிற மருந்தையும் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று போகிறபோக்கில் சொன்னார். ஊசி, மருந்து என்று அத்தனை வருஷம் திரிந்தும் அதை நான் யோசித்ததில்லை.

எங்கள் தப்பு

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். குதிரை என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கொள்ளு மட்டுமே, பழமொழி வரவில்லை. முதல் நாள் இரண்டு கிலோ கொள்ளை ஊறவைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் கேரட், வாழைப்பழம், வெல்லம் கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டம்மா பொங்கலே வைத்து எடுத்து வந்தார். அது எல்லாவற்றையும் தின்றது. தின்னத் தின்ன எங்களுக்குக் கண் கலங்கியது. மருத்துவர் வைக்கோலும் தண்ணீரும் போதும், மெதுவாகப் போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை தொடைச் சதை துடிக்க ஆரம்பித்தது. நான்காம் நாள் விடியற்காலை படுத்துவிட்டது. நாடித்துடிப்பு 72. வளர்ந்த குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரைதான் இருக்கவேண்டும். மருத்துவர் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தமக்குத் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி: “கொள்ளு குடுத்தீங்களா?”

விஷயம் இதுதான். மாசக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எரித்துப் பிழைத்திருக்கிறது. திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் குபீரென்று சுரக்கும். ரத்தத்தில் மிச்சம் இருந்த பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுக்குள் போய்விடும். இதயமும் மூச்சுத்தசையும் அவை இல்லாமல் ஓடாது. பட்டினியில் சாகாத குதிரை சாப்பாட்டில் செத்துப்போகும், பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள். மனுஷனுக்கும் இதே கதிதான். இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுதலையான கைதிகள் வயிறார உண்டபின் விழுந்ததைப் பார்த்துத்தான் வைத்தியர்கள் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

பட்டினி போட்டது யாரோ. படுக்கப் போட்டது நான்.

பாய்

அன்று காலை அதை எழுப்ப முயன்றோம். விழுந்த மாட்டை எழுப்புவதில் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். வயிற்றுக்குக் கீழே கோணியை விட்டு, இரண்டு பேர் பின்பக்கம் இடுப்பைத் தூக்க, ஒருவர் வாலைப் பிடிக்கவேண்டும். அப்படியே செய்தோம். அது முன்னால் நகரப் பார்க்கிறது, தலை சுவரில் இடிக்கிறது, மறுபடி சரிகிறது. மூன்று தடவை ஆயிற்று.

வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். முந்தின நாளும் அவரை அங்கே பார்த்த ஞாபகம். திடீரென்று அங்கிருந்தே கத்தினார்.

“சார், பின்னாடி தூக்காதீங்க! அது மாடில்ல. முன்னங்கால மொதல்ல நீட்டித்தான் எழுந்துக்கும். முன்னாடி எடம் விடுங்க!”

மாடு பின்னங்காலில் முதலில் எழும். குதிரை முன்னங்காலில் எழும். சின்னப் பிள்ளைக்கும் தெரியவேண்டிய சங்கதி. என் மூளைக்கு அன்றைக்கு எட்டவில்லை. சுவரைவிட்டு அதைத் திருப்பிப் போட்டோம். பெரியவர் உள்ளே வந்து தலைப்பக்கம் குந்தினார். “முன்னி” என்றார்.

பிள்ளைகள் அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்து நாலு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அசைவு இருந்ததில்லை. இப்போது இரண்டு காதும் அவர் பக்கம் திரும்பின. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, ஒரு தடவை வழுக்கி, அடுத்த தடவை எழுந்து நின்றது. என் நாள்குறிப்பில் அதற்கு முந்தின பக்கம் வரை ‘அது’ என்று இருக்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து ‘அவள்’ என்று எழுதியிருக்கிறேன். யோசித்து மாற்றியதாக நினைவில்லை.

அவர்தான் சொந்தக்காரர். நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். அப்பா காலத்தில் காட்பாடி ரயிலடியில் ஜட்கா ஓட்டிய குடும்பம். ஆட்டோ வந்தபின் ஜட்கா போய், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது தொழிலாயிற்று. அந்தியூர் ஆடிச் சந்தையில் மூன்று வயசுக் குதிரையாக வாங்கினார். சுழி சரியில்லை என்று யாரும் தொடாததால் மலிவாகக் கிடைத்தாள். “சுழி பாத்து மாப்பிள்ளை கெடைக்குமா சார்?” என்பார். அவள் வயசைக்கூட அவர் வருஷத்தில் சொல்லமாட்டார், கல்யாண சீசனில் சொல்வார். பன்னிரண்டு சீசன் ஓடியவள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஊர்வலம் இல்லை, மண்டபம் இல்லை. ஜூன் வரை கடன் வாங்கித் தீனி போட்டிருக்கிறார். பிறகு ஆற்றில் மேயட்டும் என்று அவிழ்த்துவிட்டார். நான்கு குளம்பிலும் லாடம் விழுந்துபோய் வெறும் ஆணித்துளைகள் விளிம்போரம் இறங்கியிருந்தன. குளம்பு மாசத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளரும். கடைசி லாடம் எப்போது அடித்தது என்பதை அதிலேயே படித்துவிடலாம் என்று பாய் எனக்குக் காட்டினார். மார்ச்தான்.

பிள்ளைகள் அவர்மேல் புகார் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவு. பட்டினி போடுவது, கைவிடுவது இரண்டுமே குற்றம். நியாயமான புகார்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் என்னவென்று தேடிப் பார்த்தோம்: 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அன்றைக்கு ஒரு வேளைப் பசும்புல்லுக்கே அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன். அந்தக் காகிதத்தை யாரும் கிழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இது சரியா என்று பிள்ளைகளில் ஒருத்தி இன்னும் என்னோடு சண்டை போடுகிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது: குதிரை மூன்று மாசம் ஆற்றிலும் குப்பையிலும் திரிந்தது உண்மை. என் பக்க வாதம் ஒன்றே: பாய் உள்ளே வராமல் வேலிக்கு வெளியேயே நின்றிருந்தால் முன்னி அன்றைக்கே செத்திருப்பாள். அவர் இரண்டு நாள் வெளியே நின்றதற்குக் காரணம் போலீஸ் பயம்.

தீனிக் கணக்கு

நான்காம் நாளிலிருந்து கொள்ளு, வெல்லம், பழம், தவிடு எல்லாம் நின்றது. போனில் பிடித்த அந்தச் சென்னைக் கல்லூரிக்காரர் சொன்னது குதிரை மசால் என்ற தீவனப் பயிர். பெயரிலேயே குதிரை இருந்தும் எங்கள் பக்கம் அதைப் பயிரிடுபவர் குறைவு. வேலிமசால்தான் கிடைக்கும், அது வேறு செடி. ஒரு பால்பண்ணையில் உலர்ந்த குதிரை மசால் வாங்கினோம். மாவுச்சத்து குறைவு, புரதமும் மக்னீசியமும் பாஸ்பரஸும் அதிகம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் கிலோ. ராத்திரி பன்னிரண்டுக்கும் உண்டு, விடியற்காலை நாலுக்கும் உண்டு. அந்த இரண்டு வேளையும் பாய் பார்த்துக்கொண்டார். ஏழாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்துக்குப் பின் பசும்புல், சோளத்தட்டை. கொள்ளை மூன்றாம் மாசம்தான் மறுபடி கண்ணில் காட்டினோம், அதுவும் ஒரு கைப்பிடி.

நடுவில் இன்னொரு தப்பு நடக்க இருந்தது. ஒருவர் அன்போடு ஒரு கட்டு சவுண்டல் இலை கொண்டுவந்து போட்டார். ஆடு மாடு ஆசையாகத் தின்னும், நானே எத்தனையோ பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். பாய் கட்டைத் தூக்கி வெளியே எறிந்தார். “இத தின்னா பிடரி மயிரு, வாலு மயிரு எல்லாம் கொட்டிடும் சார். அப்புறம் யாரு ஊர்வலத்துக்குக் கூப்புடுவாங்க?” மருத்துவரிடம் கேட்டேன். உண்மைதான். அந்த இலையில் இருக்கிற மிமோசின் என்ற நச்சை ஆடு மாட்டின் இரைப்பை ஓரளவு சமாளிக்கும், குதிரையால் முடியாது.

தேறுவது ஒரே ஏறுமுகமாக இல்லை. இரண்டாம் மாசம் எடை நின்றுவிட்டது. பாதி மென்ற புல்லை உருண்டை உருண்டையாகத் துப்பினாள். குதிரையின் பல் வாழ்நாளெல்லாம் மேலே வந்துகொண்டே இருக்கும். தேய்மானம் சமமில்லாவிட்டால் ஓரம் கத்திபோல் ஆகிக் கன்னத்தைக் கிழிக்கும். மருத்துவர் பல்லை ராவிவிட்டார். ஒரே வாரத்தில் துப்புவது நின்றது. எட்டாம் மாசம் நெஞ்சளவு 152, நீளம் 126. எடை 245 கிலோ. அதற்குப் பிறகு நான் அளப்பதையே விட்டுவிட்டேன்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அவளைத் தூக்கி வந்த இடத்தைப் பாலத்தின்மேல் நின்று தேடினேன், தண்ணீர்தான் தெரிந்தது. எங்கள் தலைமுறை இந்த ஆற்றில் மணலைத்தான் அதிகம் பார்த்தது.

இந்த வட்டாரத்தின் சரித்திரத்தில் குதிரைக்குப் பஞ்சமில்லை. ராணிப்பேட்டை குதிரைப்படை இருந்த ஊர். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த அன்று, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி வெள்ளைக்காரக் குதிரைப்படையோடு பாய்ந்து வந்ததால்தான் எழுச்சி அடங்கியது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிய குதிரைகள் வீரர்களைச் சுமந்து நிற்கின்றன. எல்லாமே படைக்குதிரை. மாப்பிள்ளையைச் சுமந்த மட்டக்குதிரையைப் பற்றி யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. பாயிடம் ஒருநாள் 1965ஆம் ஆண்டு வண்டி மிருக விதிகளைப் படித்துக் காட்டினேன்: வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை மிருகத்தை வேலை வாங்கக்கூடாது. வேலூர் வெயிலை நினைத்துக்கொண்டார் போல. “அந்த நேரத்துல மனுசனே வெளிய வரமாட்டான் சார்” என்று சிரித்தார். நாலு பேருக்கு மேல் வண்டியில் ஏற்றக்கூடாது என்ற வரிக்குச் சிரிக்கவில்லை. அவர் அப்பா எட்டுப் பேர் ஏற்றுவாராம்.

கடைசி நாள்

2024 பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை நாலரைக்கு முன்னி தரையைக் காலால் பறித்துக்கொண்டிருந்தாள். படுப்பாள், உருளுவாள், எழுவாள், திரும்பித் தன் விலாவைப் பார்ப்பாள். வியர்வை சொட்டியது. மாட்டுக்கு வயிறு உப்பினால் என் கை தானாக ஓடும். குதிரைக்கு அதில் எதுவும் பயன்படாது. குதிரையால் வாந்திகூட எடுக்க முடியாது. மருத்துவர் ஏழு மணிக்கு வந்தார். நாடி 84. ஈறு கருஞ்சிவப்பு. வயிற்றில் காது வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. மூக்கு வழியே குழாய் விட்டார், வலிக்கு ஊசி போட்டார். ஊசியின் வேகம் அரை மணியில் தீர்ந்தது.

சிறுகுடல் எங்கோ இறுகியிருக்கிறது, அறுவை செய்தால்தான் உண்டு, அதற்கு இங்கே வசதியில்லை, சென்னைப் பயணம் தாங்கமாட்டாள் என்றார். முடிவைச் சொல்லவேண்டியவர் பாய். அவர் அவள் காதருகே குனிந்து ஏதோ ஓதினார். பிறகு மருத்துவரைப் பார்த்துத் தலையசைத்தார். பத்து மணிக்கு முடிந்தது.

உடனே புதைத்திருக்கலாம். மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். பாய்க்கு மனசில்லை. நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். முந்தின ராத்திரி பேரன் கல்யாணத்து மிச்சக் கேரட்டை அவளுக்குக் கொடுத்ததாகவும், அதனால்தான் போனாள் என்றும் அவர் மூன்று தடவை என்னிடம் சொல்லியிருந்தார். திறந்தபோது எலுமிச்சம்பழ அளவில் ஒரு கொழுப்புக் கட்டி. அதன் காம்பு கயிறுபோல் நீண்டு சிறுகுடலைச் சுற்றி இறுக்கியிருந்தது. வயசான குதிரைகளுக்கு, அதிலும் மட்டக்குதிரைகளுக்கு, வருகிற ஒன்று. கேரட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவர் கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பாயிடம் காட்டினார். பாய் அதை வெகுநேரம் பார்த்தார். நிகழ்வு ஆய்வு என்று இதை எழுதுவதில் எனக்கு ஏதாவது அர்த்தம் தெரிகிறதென்றால் அந்த இடம்தான்.

ஜேசிபி வைத்து எட்டடி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, வேப்பமரத்துக்கு வடக்கே புதைத்தோம். கருணைக்கொலை மருந்து ஏறிய உடம்பை நாயோ பருந்தோ தின்றால் அவையும் சாகலாம். குழி ஆழம் அதற்காக.

அதன்பின்

கொட்டகைக் கதவில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறது. முன்னியின் முதல் பத்து நாள் எப்படி இருந்திருக்கவேண்டும் என்று மருத்துவரும் நானும் பாயும் உட்கார்ந்து எழுதியது. மூக்கைப் பார், தொடுமுன். நாடி எண்ணு. கொள்ளு கூடாது. குதிரை மசால் கால் கிலோ, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சவுண்டல் கூடாது. விழுந்தால் முன்னால் இடம் விடு. அதைப் படம் பிடித்து ஆம்பூர், வாணியம்பாடி, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் வைத்திருக்கிறார்கள். எங்களிடமே அதன்பின் நாலு குதிரைகள் வந்தன. மூன்று பிழைத்தன. ஒன்று வரும்போதே ரணஜன்னி முற்றித் தாடை பூட்டிக்கொண்டிருந்தது.

சொந்தக்காரரிடமிருந்து குதிரையைப் பிடுங்கி வருவதைவிடத் தீனி கொடுத்து அங்கேயே நிறுத்துவது சுலபம் என்பதும் முன்னிக்குப் பிறகு வந்த பழக்கம். ஊர்வலக் குதிரைக்காரர் யாராவது கையைப் பிசைந்தால் பாய்க்குத் தகவல் வந்துவிடும். இரண்டு மாசத் தீனி, குளம்பு வெட்டு, பல் ராவுதல். எல்லாரும் நன்றியோடு இருக்கிறார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். ஒருவர் தீனியை வாங்கி எருமைக்குப் போட்டார். குளம்பு வெட்டப் பாயிடம் இரண்டு பையன்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் கை நன்றாக இருக்கிறது, இன்னொருவனுக்குப் பயம் போகவில்லை.

அட்டையில் முதல் வரி பாய் பிடிவாதமாகச் சேர்த்தது: ‘பழைய பெயர்’. எதிரே ஒரு காலிக் கட்டம். புதுப்பெயர் வைப்பதற்கு முன் அதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. போன மாசம் குடியாத்தம் சாலையோரம் கிடைத்த வெள்ளைக் குதிரைக்கு அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. சாயங்காலமானால் பையன்கள் இரண்டு பேரும் வேலிமேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். சுல்தான், ராஜா, பாதுஷா, வெள்ளையன், முருகன். நேற்று ரஜினி வரைக்கும் போய்விட்டார்கள். காது இன்னும் திரும்பவில்லை.